மிகைநேரக் கட்டத்தில் எழுதப்படாத மணிகள்

பதினொரு ஆண்டுகள் என் வேலை பிறருடைய சம்பளத்தைக் கணக்கிடுவதாக இருந்தது. மாதம் பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் வருகை அட்டைகளையும் விடுப்பு விண்ணப்பங்களையும் முன்பணப் புத்தகத்தையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, ஏறத்தாழ முந்நூறு பேருக்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ‘மி.நே.’ என்று தலைப்பிட்ட குறுகலான ஒரு கட்டம் உண்டு. மிகைநேரம் என்பதன் சுருக்கம் அது. பேச்சில் எல்லாருக்கும் அது ‘ஓ.டி.’தான். அந்தக் கட்டத்தில் நான் எழுதியது அட்டையில் கடிகாரம் அச்சடித்த நேரத்தை அல்ல, மேற்பார்வையாளர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிய எண்ணை. முதல் சில ஆண்டுகள் அதில் எனக்கு எந்த உறுத்தலும் ஏற்படவில்லை. கூட்டலும் பெருக்கலும் சரியாக இருந்தால் கணக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

அங்கே ஒரு விதி இருந்தது. அது எங்கும் எழுதப்படவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனது. ஒன்பது மணி ஷிப்டுக்கு ஒருவர் ஒன்பது இரண்டுக்கு வந்தால், அவர் வந்த நேரம் ஒன்பதேகால். ஆறு மணிக்கு வேலை முடிய வேண்டியவர் ஆறு இருபத்தெட்டு வரை நின்று வேலை செய்தால், அவர் போன நேரம் ஆறு மணி. முழு அரை மணி நிறைந்தால்தான் மிகைநேரக் கட்டத்துக்கு வரும். இரண்டு நிமிடத் தாமதம் பதினைந்து நிமிடமாக வளரும். இருபத்தெட்டு நிமிட உழைப்பு ஒன்றுமில்லாமல் போகும். ஒரே ஓர் அட்டையை எடுத்து, அதில் தினமும் இருபத்தெட்டு நிமிடம் இப்படிக் கரைந்தது என்று வைத்துக்கொண்டு 26 நாட்களுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 728 நிமிடம், அதாவது பன்னிரண்டு மணி எட்டு நிமிடம். ஒரு மாதத்தில் ஒன்றரை நாள் உழைப்பு, ஒரு ரூபாய் கூடக் கணக்கில் ஏறாமல், என் பேனாவின் வழியாகவே காணாமல் போயிருக்கிறது. இதை ஒருநாள் மதியம் அட்டையும் கையுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோதுதான், சம்பளத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று படிக்கத் தொடங்கினேன். இந்தப் பதிவு அந்தப் படிப்பிலிருந்து வந்தது.

என் மேசையில் நடந்தது புதிதே அல்ல என்பது அந்தப் படிப்பில் முதலில் தெரிந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மவுண்ட் கிளெமென்ஸ் என்ற ஊரின் மட்பாண்டத் தொழிற்சாலையில் ஏறத்தாழ இதே விதி நடைமுறையில் இருந்திருக்கிறது. உள்ளே வரும்போது அட்டையில் விழும் நேரம் அடுத்த கால் மணிக்குத் தள்ளப்படும். வெளியே போகும்போது விழும் நேரம் முந்தைய கால் மணிக்கு இழுக்கப்படும். காலையிலும் மதிய இடைவேளையிலும் மாலையிலும் இப்படிக் கழித்ததில், கடிகாரம் காட்டிய நேரத்தைவிட ஒருவருக்கு ஒரு நாளைக்கு 56 நிமிடம் வரைகூடக் குறைத்துக் கணக்கிட முடிந்தது. கடிகாரத்திலிருந்து தம் இடம் வரை நடப்பது, மேலாடை அணிவது, கைகளுக்கு எண்ணெய் பூசுவது, கருவிகளைத் தீட்டுவது, விளக்குகளையும் இயந்திரத்தையும் முடுக்கிவிடுவது, சன்னல்களைத் திறப்பது ஆகிய அனைத்தும் கூலியில்லாத நேரத்தில் நடந்தன. ஏழு தொழிலாளரும் அவர்களுடைய சங்கமும் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1946இல் நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி எழுதிய தீர்ப்பில் என் கண்ணைத் திறந்த பகுதி நடை நேரத்தைப் பற்றியது அல்ல. அந்தச் சலுகையை அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தால் பெரும்பாலும் பறித்துவிட்டது. அழியாமல் நின்றது சாட்சியத்தைப் பற்றிய பகுதி. வேலை நேரத்தைச் சரியாகப் பதிந்து வைக்க வேண்டிய கடமை முதலாளியுடையது. அந்தக் கடமையில் அவர் தவறியிருந்தால், ‘துல்லியமாக எத்தனை நிமிடம் என்று நிரூபி’ என்று தொழிலாளியைக் கேட்கக் கூடாது. தொழிலாளி நியாயமாக ஊகிக்கத்தக்க ஒரு கணக்கைக் காட்டினால் போதும், அதை மறுத்து நிரூபிக்கும் சுமை முதலாளிமேல் விழும் என்றது நீதிமன்றம். பாதுகாப்பு உடை அணிவதற்கும் கழற்றுவதற்கும் ஆகும் நேரத்துக்குக் கூலி கேட்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர் வழக்கில், 2016இலும் அதே நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டைத்தான் மீண்டும் கையில் எடுத்தது.

நிமிடங்களைக் கழிப்பது ஒரு வழி. கழிக்காமல் முழுவதையும் எழுதிவிட்டு, விலையில் கைவைப்பது இன்னொரு வழி. இது முன்னதைவிட நுட்பமானது, ஏனென்றால் சம்பளச் சீட்டைப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும்.

ஒருவருக்கு மாதச் சம்பளம் மொத்தம் 20,800 என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, 10,400, அடிப்படைச் சம்பளம். மீதிப் பாதி பலவகைப் படிகள். மாதத்துக்கு 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மொத்தம் 208 மணி. 20,800ஐ 208ஆல் வகுத்தால் அவருடைய ஒரு மணி நேர உழைப்பின் விலை 100. மிகைநேரத்துக்கு இரு மடங்கு என்று சட்டம் சொல்லும் இடத்தில் அவருக்குக் கிடைக்க வேண்டியது மணிக்கு 200. இப்போது கணக்கை வேறு மாதிரிப் போடலாம். படிகளை ஒதுக்கிவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மணிக்கு 50. அதன் இரு மடங்கு 100. சீட்டில் ‘மிகைநேரம், இரட்டை வீதம்’ என்றே எழுதியிருக்கும். கையில் வருவது அவர் பகலில் வாங்கும் அதே 100. அதோடு நில்லாமல் 26 நாளுக்குப் பதிலாக மாதத்தின் 30 நாளையும் கணக்கில் சேர்த்து 240 மணியால் வகுத்தால், மணிக்கு 43.33, அதன் இரு மடங்கு 86.67. எட்டு மணி நேரம் உழைத்துக் களைத்த பிறகு, ஒன்பதாவது மணி நேரத்துக்கு முதல் மணி நேரத்தைவிடக் குறைந்த கூலி. இதற்கும் பெயர் இரட்டைச் சம்பளம்.

இதனால்தான் ‘எத்தனை மடங்கு’ என்ற கேள்வியைவிட ‘எதன் மடங்கு’ என்ற கேள்வி முக்கியமானது என்று நான் கருதுகிறேன். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆவது பிரிவு, மிகைநேரத்துக்குச் சாதாரண ஊதிய விகிதத்தின் இரு மடங்கு என்று சொன்னதோடு நிற்கவில்லை. சாதாரண விகிதம் என்றால் அடிப்படை ஊதியத்தோடு படிகளும் சேர்ந்தது, போனசும் மிகைநேர ஊதியமும் மட்டுமே அதில் சேராது என்றும் விளக்கியது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இரு மடங்கு என்பதையே வைத்துக்கொண்டு, ஊதியம் என்பதற்குப் புதிய வரையறை ஒன்றைத் தந்தது. ஊதியத்தில் சேராதவை என்று ஒதுக்கப்படும் படிகள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி, பெயர் பெயராகப் படிகளைப் பெருக்கிக் காட்டும் பழக்கத்தை மனத்தில் வைத்துத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டத்திலும், முன்பே வாக்களிக்கப்பட்ட உற்பத்தி ஊக்கத்தொகை போன்றவை மிகைநேர விகிதத்தைக் கணிக்கும் அடிப்படையில் சேர வேண்டும். ஆகவே உங்கள் சீட்டில் இருக்கும் மிகைநேரத் தொகையை மணிகளால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணை உங்கள் சாதாரண மணி நேரக் கூலியோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். சம்பளப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடும் தொழிலாளர் மிகக் குறைவு என்பது எங்களுக்குத் தெரியும்.

கூடுதல் விகிதம் எதற்காக என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது அதிகம் உழைப்பவருக்கு நிறுவனம் மனமுவந்து தரும் பரிசு என்ற எண்ணம், தொழிலாளரிடமே வேரூன்றியிருக்கிறது. அது பரிசு அல்ல. ஆட்களை அளவுக்கு மேல் வேலை வாங்குவதற்கு விதிக்கப்படும் ஒருவகைத் தண்டம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் வாஷிங்டனில் கூடி ஏற்ற முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியது: தொழில்துறையில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் என்றால் சாதாரண விகிதத்தின் ஒன்றேகால் மடங்குக்குக் குறையாத ஊதியம். 1930இல் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இதே போன்ற ஓர் உடன்படிக்கை வந்தது. 1938இல், வேலையின்மை தலைவிரித்தாடிய காலத்தில், அமெரிக்கா நியாயத் தொழில் தரச் சட்டத்தை இயற்றி ஒன்றரை மடங்கு என்று வைத்தது. முதலில் வாரத்துக்கு 44 மணி என்று இருந்த எல்லை 1940இல் 40 மணிக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் நோக்கத்தை 1942ஆம் ஆண்டின் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இரண்டாகப் பிரித்துச் சொன்னது: கூடுதல் கூலியைத் தவிர்க்க நினைக்கும் முதலாளி வேறு ஆட்களுக்கு வேலை தரட்டும் என்ற பண நெருக்குதல் ஒன்று, நெடுநேர உழைப்பின் சுமைக்கு ஈடு மற்றொன்று.

இந்தச் சுமை வெறும் களைப்பு அல்ல. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பதால் ஏற்பட்ட பக்கவாதத்தாலும் இதயநோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள். 35 முதல் 40 மணி வரை உழைப்பவரோடு ஒப்பிட்டால், இவ்வளவு நேரம் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு அதிகம். மிகைநேர ஊதியத்தை ஏய்ப்பது பணத்தை மட்டும் திருடுவதாக இருந்தால்கூட அது குற்றம்தான். ஆனால் அந்த ஏய்ப்பு, நெடுநேர வேலையை மலிவாக்கி, மலிவானதை மேலும் மேலும் வாங்கத் தூண்டுகிறது. எனக்கு இதில் உள்ள கோபத்துக்கு இதுவே முதற்காரணம்.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் இந்தத் தண்டத்தையே எடுத்துவிட ஒரு முயற்சி நடந்தது. குஜராத் அரசு அந்த ஏப்ரலில் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி வரை வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு தேவையில்லை, வழக்கமான விகிதத்திலேயே தந்தால் போதும் என்றது. குஜராத் மஸ்தூர் சபா என்ற தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று அந்த அறிவிக்கையையும் அதை நீட்டித்த மற்றோர் அறிவிக்கையையும் ரத்து செய்து, அவை வெளியான நாள் முதல் கூடுதல் நேரம் உழைத்தவர்களுக்குச் சட்டப்படியான மிகைநேர ஊதியத்தைத் தர வேண்டும் என்று ஆணையிட்டது. நெருக்கடியின் சுமையை ஏற்கெனவே நலிந்தவர்கள் தோளிலேயே ஏற்றக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

விகிதங்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. இந்தியாவில் இரு மடங்கு. இலங்கையின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் ஒன்றரை மடங்கு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாதாரண நாட்களில் ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளுக்கும் பொது விடுமுறைக்கும் தனிக் கணக்கு. ஜப்பானில் 25 விழுக்காடு கூடுதலில் தொடங்கி மாதத்தில் 60 மணியைத் தாண்டினால் 50 விழுக்காடு. பிரிட்டனில் கூடுதல் விகிதம் என்று சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை, சராசரி குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது மட்டுமே. ஆகவே ஒரு நாட்டின் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொரு நாட்டில் வேலை செய்பவருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. இந்தத் தவறை நானே ஒருமுறை செய்து, வெளிநாட்டில் இருந்த ஒருவரை வீணாக நம்ப வைத்தேன்; அவர் நம்பிக்கையோடு கேட்கப் போய் வெறுங்கையோடு திரும்பியதை இன்றும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

‘மாதச் சம்பளக்காரருக்கு ஓ.டி. கிடையாது’ என்ற பேச்சு எல்லா நாடுகளிலும் உலவுகிறது. மாதச் சம்பளம் என்பது பணம் தரும் முறையின் பெயர். உரிமை உண்டா இல்லையா என்பதை அது ஒன்றே தீர்மானிப்பதில்லை. பல நாட்டுச் சட்டங்கள் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு அளிக்கின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே பார்க்கப்படுவது உண்மையில் செய்யும் வேலை, பெயர்ப்பலகை அல்ல. ஆளெடுக்கவும் விடுப்பு தரவும் எந்த அதிகாரமும் இல்லாமல், மற்றவர்களைப் போலவே பெட்டி தூக்கி அடுக்கும் ஒருவருக்கு ‘உதவி மேலாளர்’ என்று அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டால் அவர் மேலாளர் ஆகிவிட மாட்டார். செயலி வழியாக வேலை செய்பவரைத் ‘தொழில்முனைவோர்’ என்று அழைப்பதும் இதே வகைதான். உபர் ஓட்டுநர்களின் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஒப்பந்தத்தின் சொற்களைத் தாண்டி நடைமுறையைப் பார்த்தது. கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், நிபந்தனைகளை யார் விதிக்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் தொழிலாளர்களே என்றது. பயணியை ஏற்றிய நேரம் மட்டுமின்றி, செயலியைத் திறந்து வைத்துப் பயணிக்காகக் காத்திருந்த நேரமும் வேலை நேரமே என்றும் சொன்னது.

‘நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே’ என்று பலர் தாமாகவே பின்வாங்குகிறார்கள். வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் தாள்களில் ‘மிகைநேரம் கோரமாட்டேன்’ என்று ஒரு வரி இருக்கும். சேருகிற அவசரத்தில் அதை யார் படிப்பது? குறைந்தபட்ச ஊதியமும் மிகைநேர ஊதியமும் பெரும்பாலான நாடுகளில் விட்டுக்கொடுக்க முடியாத உரிமைகள். 1945இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டம் தந்த கூலியைத் தொழிலாளி தனி ஒப்பந்தத்தால் கைவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. அப்படிக் கைவிட அனுமதித்தால், வேலை தேவைப்படும் ஒவ்வொருவரும் கைவிட்டே ஆக வேண்டிய நிலை வரும். இந்தியச் சட்டத்திலும் இத்தகைய ஒப்பந்தம் செல்லாது. ஆகவே அந்தக் கையெழுத்தை நினைத்துக் குன்றிப்போக வேண்டியதில்லை.

இவ்வளவும் மிகைநேரத்தைப் பற்றி. ஆனால் பட்டியல் போட்ட ஆண்டுகளில் நான் கண்ட இன்னொன்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. மிகைநேரம் வேண்டாம் என்று வந்தவர்களைவிட, ‘இந்த மாதம் கொஞ்சம் ஓ.டி. போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்’ என்று கேட்டு வந்தவர்களே அதிகம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் எட்டு மணி நேரக் கூலிக்குள் அடங்காதபோது, ஒன்பதாவது, பத்தாவது மணி நேரம் விருப்பம் போலத் தோற்றம் தரும். அந்த விருப்பத்தைத் தருவது குறைந்த அடிப்படைக் கூலி. மிகைநேர ஊதியத்தையும் நியாயமான ஊதியத்தையும் பிரித்துப் பேசுவது இதனால்தான் எனக்குச் சரியாகப் படுவதில்லை.

நியாயமான ஊதியம் என்றால் என்ன என்று ஒரு நீதிபதி உட்கார்ந்து கணக்குப் போட்ட நிகழ்வு 1907இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. அறுவடை இயந்திரம் செய்யும் தொழிற்சாலை ஒன்று வரிவிலக்கு பெற வேண்டுமானால் அது ‘நியாயமான, ஏற்கத்தக்க’ ஊதியம் தருவதாகக் காட்ட வேண்டும். நீதிபதி ஹென்றி ஹிகின்ஸ், சந்தையில் எந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்று பார்க்கவில்லை. நாகரிகமான ஒரு சமுதாயத்தில் வாழும் மனிதருக்குரிய இயல்பான தேவைகள் எவை என்று கேட்டார்; ஐந்து பேர் அளவிலான குடும்பத்தின் வாடகை, உணவு, விறகுச் செலவுகளைக் குடும்பப் பெண்களைச் சாட்சியாக அழைத்தே விசாரித்தார். திறன்பெறாத தொழிலாளிக்கு நாளுக்கு 7 ஷில்லிங் என்று முடிவு செய்தார். அந்த வரிச்சட்டம் அடுத்த ஆண்டே செல்லாது என்று தீர்ப்பான பிறகும் அவர் வைத்த அளவுகோல் பல பத்தாண்டுகள் நின்றது. குடும்பத்தைத் தாங்குபவர் ஆண்தான் என்ற அனுமானத்தின்மேல் அது கட்டப்பட்டதால் பெண்களின் கூலி நெடுங்காலம் தாழ்த்தியே வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1948இல் அமைக்கப்பட்ட நியாய ஊதியக் குழு மூன்று நிலைகளைப் பிரித்தது: உயிர்வாழ்வதற்கும் வேலைத்திறனைக் காப்பதற்குமான குறைந்தபட்ச ஊதியம் அடியில், கண்ணியமான வாழ்க்கைக்கான வாழ்வூதியம் உச்சியில், இரண்டுக்கும் இடையில், தொழிலின் கொடுக்கும் திறனைப் பொறுத்து அமையும் நியாய ஊதியம். அடியில் இருக்கும் நிலைக்குக் கீழே போவதைப் பற்றி, 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி சொன்னது எனக்கு மிக முக்கியமானது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாக ஒருவர் உழைக்கிறார் என்றால், அவரைச் சங்கிலியால் யாரும் கட்டாவிட்டாலும் பசியும் வறுமையும் அவரைக் கட்டாயப்படுத்துகின்றன. ஆகவே அது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றார் அவர். ‘அவராகத்தானே ஒப்புக்கொண்டார்’ என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதிலை நான் படித்ததில்லை.

இனி, கையில் இருக்க வேண்டிய சான்றைப் பற்றி. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே மாதம், ஸ்பெயினிலிருந்து வந்த, ஒரு வங்கிக்கு எதிராகத் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியின் அன்றாட வேலை நேரத்தையும் அளக்கும் நம்பகமான, அணுகத்தக்க ஏற்பாட்டை முதலாளிகள் வைத்திருக்க உறுப்பு நாடுகள் கட்டாயப்படுத்த வேண்டும் என்றது. அளக்காமல் விட்டால் எது மிகைநேரம் என்பதையே சொல்ல முடியாது என்பதுதான் அதன் தருக்கம். ஆனால் பதிவேடு முதலாளியின் அலமாரியில் இருக்கும் வரை, அதில் என்ன எழுதப்படுகிறது என்பது என்னைப் போன்ற ஒருவரின் பேனாவைப் பொறுத்தது.

என்னிடம் ஒருநாள் ஓர் அம்மா வந்தார். துப்புரவுப் பிரிவில் ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது. இரவு ஷிப்டுக்கு ஆள் வராத நாட்களில் இவரையே தொடர்ந்து நிற்க வைப்பார்கள். சம்பளத்தில் ஏதோ குறைகிறது என்று ஒப்பந்ததாரரிடம் கேட்டதற்கு, ஆபீசில் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார்கள். பதிவேட்டைப் பார்த்து, அப்படி எந்த மிகைநேரமும் இல்லையே என்று நான் சொன்னேன். அவர் இடுப்பில் செருகியிருந்த சிறு பையிலிருந்து உள்ளங்கை அகல நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கோடு போட்ட பக்கங்களில் தேதி, அதற்கு நேரே இரண்டு நேரங்கள். சில வரிகளின் ஓரத்தில் ஒரு சிறிய வட்டம். அது என்ன என்று கேட்டேன்.

“ராத்திரியும் நின்ன நாளு தம்பி. எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது. உள்ள வந்த நேரம், வெளிய போன நேரம், அவ்வளவுதான் எழுதத் தெரியும்.”

அவ்வளவுதான் தேவை. நுழைவாயிலில் காவலர் வைத்திருந்த புத்தகத்தை வாங்கி, வட்டமிட்ட நாட்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். நோட்டுக்கும் வாயில் புத்தகத்துக்கும் ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. வித்தியாசமாக இருந்தது நான் பராமரித்த பதிவேடுதான்.

அவருடைய நோட்டிலிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன். அன்றைய நேரத்தை அன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவதற்கு மதிப்புக் குறைவு. வந்த நேரம், போன நேரம், இடைவேளை உண்மையில் கிடைத்ததா, கூடுதலாக நிற்கச் சொன்னது யார் என்ற நான்கும் போதும். நிற்கச் சொல்லி வந்த செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டை மாதாமாதம் கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால், மறுத்த தேதியையும் அதே நோட்டில் எழுதலாம். நோட்டு வேலையிடத்தின் பெட்டியில் இருக்கக் கூடாது, வீட்டுக்குப் போக வேண்டும். முறையிடும்போது முதலில் எழுத்தில் கேட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு தொழிலாளர் துறை அலுவலரிடமோ சங்கத்திடமோ போவது நல்லது. ஒருவராகப் போவதைவிட நால்வராகப் போவது நல்லது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்டதற்காகவே வேலையிலிருந்து நீக்குவதும் பழிவாங்குவதும் பல நாடுகளில் தனிக் குற்றம். ஆனால் அது நடக்கவே செய்கிறது, ஆகவே பயப்படுபவரைக் கோழை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவர்கள் வேலையில் இருக்கும் வரை எழுதி வைத்துக்கொண்டு, வேலையை விட்ட பிறகு கோரலாம்.

அப்படிக் காத்திருப்பவர்கள் காலவரம்பை மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் மிகைநேரக் கோரிக்கைக்கு இரண்டு ஆண்டு, வேண்டுமென்றே ஏய்த்திருந்தால் மூன்று ஆண்டு. இந்தியாவின் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு மூன்று ஆண்டு தருகிறது. ஊதியம் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அது முதலாளியிடமே வைத்திருக்கிறது. இதற்கு முன்பிருந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் அந்தக் காலவரம்பு பன்னிரண்டு மாதம்தான்.

அந்த அம்மாவின் கோரிக்கை பழைய சட்டத்தின் கீழ் போனது. வாயில் புத்தகத்தின் நகலை அதிகாரியிடம் காட்டியது நான்தான். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் நான் அதிக நாள் இருக்கவில்லை. விசாரணை தொடங்கும் முன்பே ஒப்பந்ததாரர் பணத்தைக் கட்டிவிட்டார். கடைசிப் பன்னிரண்டு மாதத்தின் வட்டமிட்ட நாட்கள் எல்லாவற்றுக்கும் இரு மடங்கு வீதம் போட்டுக் கொடுத்தார்கள், படிகளையும் சேர்த்து. ஆனால் அவரிடம் இருந்தது ஒரு நோட்டு அல்ல, மூன்று. முதல் இரண்டையும் அதிகாரி வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தேதிகள் காலவரம்பைத் தாண்டிவிட்டன என்று திருப்பிக் கொடுத்தார். அவற்றையும் அவர் அதே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.